சீர்த்தட்டில் வந்த ஸ்பிரே கன்

அப்பு,

உன் கடிதம் வந்தது. இங்கே உன் அப்பாவுக்குச் சளி, எனக்கு முழங்கால் வலி. அதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி குறை ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் நீ அடிக்கோடு போட்டுக் கேட்டிருந்ததை அப்பாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தேனியில் திறக்கப்போகும் உன் பெயிண்ட் ஷெட்டுக்கு, நீயே சேர்த்த காசில் உள்ளூர் ஸ்பிரே கன் ஒன்றை வாங்கிக்கொள்வதா, இல்லை சின்னமனூரில் உன் வருங்கால மாமனார் கல்யாணச் சீரோடு தருகிறேன் என்கிற சீமைக் கன்னை ஏற்றுக்கொள்வதா? ஒரே வார்த்தையில் பதில் போடச் சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தை அகப்படாமல்தான் இத்தனை தாளை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பா சொன்ன பதிலைக் கேள். காலையில் டீ குடிக்கும்போது, சீமைக் கன்தான், அதில் இரண்டாம் பேச்சே கிடையாது என்றார். சரி என்று நானும் பேனாவை எடுத்தேன். மத்தியானம் சாப்பிட வந்தவர் மோரை ஊற்றிக்கொண்டே, ஆரம்பத்துக்கு உள்ளூர்க் கன் போதும், நாலு வண்டி அடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். சாயங்காலம், கன்னில் என்ன இருக்கிறது, எல்லாம் கையில்தான் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடையைக் கட்டினார். மறுநாள் கேட்டால், கையாவது காலாவது, கன் சரியில்லாவிட்டால் கை என்ன செய்யும் என்கிறார். உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பிருந்தே ஜீப்புக்கும் காருக்கும் பெயிண்ட் அடிக்கிற மனிதர். அவருக்கே தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லப் பயப்படுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. நானோ துணிக்கடையில் இரண்டு சேலையை எடுத்துப் போட்டால் மூன்றாவதைக் கேட்டுவிட்டு எதையும் வாங்காமல் வீட்டுக்கு வருகிறவள். எங்களிடம் வந்து யோசனை கேட்டாயே, உன்னைத்தான் சொல்ல வேண்டும்.

உன் கேள்வியை வாசித்ததும் எனக்கு நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் முகம்தான் முன்னால் வந்தது. இதே மாதிரி சீராக வந்த ஒரு கன்னால்தான் என் அண்ணன் நம் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார். மாமா ஏன் பொங்கலுக்கு வருவதில்லை என்று நீ சின்ன வயதில் கேட்பாய். ஏதாவது சொல்லி உன்னை விளையாட அனுப்பிவிடுவேன். இப்போது நீ ஒரு பதில் எழுதப் போக, அதனால் அந்தப் பெண்ணுக்கும் அவள் பிறந்த வீட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு விரிசல் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. எந்தப் பதிலை எழுதினால் விழாது என்று மட்டும் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். முடிச்சு எங்கே விழுந்தது என்று உனக்காவது தெரிகிறதா பார்.

நீ பிறந்த சமயத்தில் அப்பாவின் ஷெட், போடியிலிருந்து முந்தல் போகிற ரோட்டில் இருந்தது. நாலு கம்பு, மேலே தகரம், சுற்றிலும் சாக்குப் படுதா. போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள்தான் வேலைக்கு வரும். கல்லிலும் சேற்றிலும் கிடந்து வருகிற வண்டிக்கு அழகெல்லாம் தேவைப்படவில்லை. துரு வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். அப்பாவிடம் இருந்தது மதுரையில் வாங்கிய உள்ளூர்க் கன். நன்றாக அடித்துக்கொண்டே வரும், திடீரென்று சளி பிடித்தவன் மாதிரி சொட்டுச் சொட்டாகத் துப்பும். ட்ரிக்கர் பக்கம் கசிந்து அவர் விரலெல்லாம் கலராகும். கசிகிற இடத்தில் நூலைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி வைத்திருப்பார். ஆனால் அது எப்போது துப்பும் என்று அவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். அதற்குச் சற்று முன்னால் கையை ஒதுக்கிவிடுவார். கழுதை என்று அதற்குப் பேர் வைத்து, கழுதை என் பேச்சைக் கேட்கும் என்று பெருமையாகச் சொல்வார். அந்தக் கழுதைமேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

உன் காதுகுத்துக்குத் தேவாரத்திலிருந்து மாமா சீர் கொண்டுவந்தார். அப்போது அவர் கொச்சிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மேளம் முன்னால் போக, தேங்காய், பழம், வேட்டி, கடுக்கன் என்று தட்டுகள் வரிசையாக வந்தன. கடைசித் தட்டில் சிவப்புப் பட்டுத்துணி போட்டு மூடி ஏதோ இருந்தது. விலக்கிப் பார்த்தால், மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் நடுவில் பளபளவென்று ஒரு ஸ்பிரே கன். கொச்சித் துறைமுகத்தில் யாரையோ பிடித்து வாங்கிய சீமைச் சரக்கு. நம் சொந்தக்காரப் பெண்கள், பிள்ளைக்கு விளையாட்டுத் துப்பாக்கியா, இவ்வளவு கனமாக இருக்கிறதே என்று கையில் வாங்கிப் பார்த்தார்கள். நீ மாமா மடியில் உட்கார்ந்து காதைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். உன்னைத் தட்டிக்கொடுத்தபடியே மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மாப்ளே, இனிமே ஒங்க சோலி சுத்தமா இருக்கும்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். உன் அப்பாவும் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும். என் அண்ணன் செய்த மாதிரி ஊரில் எந்த அண்ணன் செய்தான் என்று பந்தியில் பரிமாறும்போதுகூடத் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். அந்த வார்த்தைக்குள், இதுவரை சோலி சுத்தமாக இல்லை என்று ஒரு அர்த்தம் இருக்கிறதே என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தோன்றியது. உன் அப்பாவுக்கு அன்றே தோன்றியதா, தோன்றவே இல்லையா, நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அந்தக் கன்னை எடுத்து முதலில் ஒரு டாக்டரின் அம்பாஸடருக்கு அடித்தார். நானே ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதவில் என் மூக்குத்தி தெரிந்தது. ஒழுகல் கிடையாது, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி கிடையாது. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள், பிளந்த வாயாலேயே, மச்சான் வாங்கிக் கொடுத்த கன் ஆச்சே என்றும் சொன்னார்கள். அந்த வார்த்தை பஜார் வரைக்கும் போனது. அடுத்த வண்டிக்கு அப்பா பழையபடி கழுதையை எடுத்துக்கொண்டு போனார். சீமைக் கன் பழைய வேட்டியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. ஏன் என்று கேட்டேன். அதற்குக் காற்று நிறைய வேண்டும், நம்முடைய சின்னக் கம்ப்ரஸர் பாதி கதவு அடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, நின்று நின்று அடித்தால் திட்டுத் திட்டாகிவிடும் என்றார். அது பொய்யில்லை. கம்ப்ரஸர் ரிப்பேர் பார்க்க வந்தவரும் அதையேதான் சொன்னார். ஆனால் அம்பாஸடருக்கு மட்டும் காற்று எப்படிப் பத்தியது? அதை நினைத்தால் காற்றுதான் காரணமா, மச்சான்தான் காரணமா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

இதற்கு நடுவில் மாமா தன் லாரியின் கேபினுக்குப் பெயிண்ட் அடிக்கக் கொண்டுவந்து விட்டார். நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தேவாரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்பா கேபினை அடித்து முடித்து வைத்திருந்தார், எதை வைத்து அடித்தார் என்று நினைக்கிறாய், கழுதையை வைத்துத்தான். மாமா கேபினைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையால் தடவிப் பார்த்தார். கன் நல்ல கன் இல்லையா, வேலை பேசுது பாருங்க என்று அப்பாவின் தோளில் தட்டினார். பக்கத்தில் நான் நிற்க, அப்பா ஆமாம் மச்சான் என்று பவ்வியமாகத் தலையாட்டினார். அண்ணன் போன பிறகு வீட்டுக்குள் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதில் வம்பு ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வாங்கிக் கொடுத்தவருக்கே வித்தியாசம் தெரியவில்லையே, அப்படியானால் எதற்குச் சீமை, எதற்கு உள்ளூர் என்று மட்டும் குழம்பினேன்.

அப்புறம் எமர்ஜென்சி எல்லாம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி, காய் எடுப்பு தொடங்குவதற்குள் ஜீப்பை முடித்துத் தர வேண்டும் என்று வந்து நின்றார். வெளியே மட்டும் போதாது, உள்ளேயும் அடித்துவிடச் சொன்னார். ஆடி மாதச் சாரல். படுதா ஈரம், தகரம் ஈரம், காற்றே ஈரம். அப்பா கழுதையை வைத்து அடித்தார். மெல்லிசாக அடித்தால் துப்பிய புள்ளிகள் தெரிகின்றன என்று தடியாக அடித்தார். இன்னும் காயட்டும், உள்பக்கம் பச்சையாக இருக்கிறது என்று சொல்லியும், முதலாளி வெரசாக வண்டி வேண்டும் என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்போது பஜாரில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் பூ வைத்துக்கொண்டு வந்தால் கணக்கப்பிள்ளை வாசலிலேயே எடுத்துவிடச் சொல்வார். வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்தால்கூடத் திட்டு விழும். அந்த வருஷத்து முதல் காய் மலையிலிருந்து இறங்கியது. அந்த முதலாளியின் தோட்டத்து மூட்டை ஒன்றைப் பிரித்து என் முன்னால் கொட்டினார்கள். பச்சை நிறம் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு கை அள்ளி முகர்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் மண்ணெண்ணெய் வாடை என்றாள். இன்னொருத்தி காய் உலர்த்துகிற புகைக்கூடத்து வாடை என்றாள். எனக்கு அது எந்த வாடை என்று சந்தேகமே இல்லை. தினமும் வீட்டில் துவைக்கிற சட்டையின் வாடை அது.

சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று நீ கேட்பாய். அந்த மூட்டைகள் மற்றக் காயோடு சேர்ந்தால் ஸ்டோரில் இருக்கிற அத்தனையும் கெட்டுப்போகும். ஏலத்தில் வாங்குகிறவர்கள் ஒரு காயைப் பிளந்து மூக்கருகில் கொண்டுபோனாலே போதும், ஸ்டோர் பேர் போய்விடும். சொன்னாலோ உன் அப்பா பேர் போய்விடும். அள்ளிய காயைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். கணக்கப்பிள்ளை எதிரே வந்து என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். அவர் உன் காதுகுத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்.

"இது பெயிண்டு வாடைண்ணே. எங்க வீட்டுக்காரரு அடிச்ச ஜீப்புல வந்த மூட்ட. வெரசா தனியா ஒதுக்குங்க" என்றேன்.

அன்று நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே சேதி ஷெட்டுக்குப் போயிருந்தது. அப்பா சண்டை போடுவார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டி, இந்த வாடைதானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தானும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். அவர் மூக்குக்கு அந்த வாடை எப்போதோ செத்துப்போயிருந்தது. எனக்கு அவர்மேல் அப்போது வந்த இரக்கத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் சண்டையே போட்டிருக்கலாம்.

முதலாளி வந்தார். கன் கொஞ்சம் சரியில்லை, அதனால் தடியாக விழுந்துவிட்டது என்று அப்பா சொன்னார். அதற்கு முதலாளி, வீட்டில் நல்ல கன் ஒன்று சும்மா கிடக்கிறதாமே, மச்சான் கொடுத்தது என்று கேட்டார். கணக்கப்பிள்ளை சொல்லியிருக்க வேண்டும். ஷெட்டில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். ஜீப்பின் உள்பக்கம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, சாரல் விட்டு வெயில் அடித்த நாளாகப் பார்த்து, சீமைக் கன்னால் மெல்லிசாக அடித்துக் காய விட்டு, மறுபடி மெல்லிசாக அடித்தார். கம்ப்ரஸர் மூச்சு வாங்கும்போதெல்லாம் நிறுத்திப் பொறுமையாகக் காத்திருந்தார். முடித்த பிறகு ஒரு துணிப்பையில் நல்ல ஏலக்காய் ஒரு பிடி போட்டு, ஜீப்புக்குள் ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டு, சாயங்காலம் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். முதலாளியும் கூட நின்றார். உன் அம்மா மூக்கு அன்றைக்கு நீதிபதியாகிவிட்டது.

அப்பு, நான் முகர்ந்து பார்த்தேன். வாடை வந்தது. ஆனால் பைக்குள்ளிருந்து வந்ததா, பக்கத்தில் நின்ற உன் அப்பா மேலிருந்து வந்ததா, துவைத்துத் துவைத்து என் கையிலேயே ஊறிப்போனதா என்று தெரியவில்லை. வாடை இல்லை என்று சொன்னால், அண்ணன் கொடுத்த கன்தான் உசத்தி, அதைப் பெட்டியில் பூட்டியது உன் அப்பாவின் வீம்பு என்று ஆகிவிடும். இருக்கிறது என்றால் இரண்டு பேரும் தோற்றார்கள். ஆனால் அதையெல்லாம் கணக்குப் பார்த்து நான் மழுப்பவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். நான் நழுவுகிறேன் என்று உன் அப்பா நினைத்தார். முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டேன். முதலாளி வம்பு வேண்டாம் என்று அந்த ஜீப்பை ஆள் ஏற்ற மட்டும் வைத்துக்கொண்டார். அதனால் சீமைக் கன் அடித்த அடி சரியாக வந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. மூட்டை கெட்டதற்குக் காரணம் கழுதையா, சாரலா, முதலாளியின் அவசரமா, அந்தத் தடவை புதிதாக ஒரு கடையில் வாங்கிய, பெயிண்டில் கலக்கிற தின்னரா என்று ஷெட்டில் வெகுநாள் பேசினார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

இந்தக் கதை தேவாரம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? தன் கன் இத்தனை காலம் பெட்டிக்குள் கிடந்ததும், தன் லாரிக்கு அடித்தது கழுதை என்பதும் சேர்ந்தே மாமா காதுக்குப் போயின. அவர் வந்தார். அப்பா ஷெட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார். நான் தண்ணீர்ச் செம்போடு எதிரே நின்றேன்.

"நான் தோள்ல தட்டிப் பேசுனப்ப நீயும் பக்கத்துலதான இருந்தே ஆத்தா. ஒனக்குத் தெரியும்ல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். செம்பை வாங்கவில்லை. அந்த வருஷம் பொங்கல் சீர் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. உன் அப்பாவிடம் போய், நீங்களாக ஒரு தடவை தேவாரம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். நான் என்ன தப்புச் செய்தேன் என்றார். அண்ணன் பக்கம் போனால் அவர் சொல்வது நியாயமாக இருக்கிறது, இவர் பக்கம் வந்தால் இவர் சொல்வது நியாயமாக இருக்கிறது. பொங்கல் அன்று தேவாரம் பஸ் நம் தெருமுனையில் திரும்பும்போது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். நீ அப்போது கரும்பு தின்றுகொண்டிருப்பாய். இப்போது விசேஷங்களில் பார்த்தால் அவர்கள் இருவரும் தலையசைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

உனக்குத் தொழில் புத்தி சொல்ல நான் யார்? பார்த்ததை வேண்டுமானால் சொல்கிறேன். சீமைக் கன் பெயிண்டை மிச்சம் பிடிக்கும், மெல்லிசாக விழும், கையை வலிக்க விடாது. ஆனால் அதன் உள்ளே இருக்கிற ஊசி பிற்பாடு ஒரு தடவை வளைந்தபோது மதுரை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கழுதைக்கு எந்தச் சாமான் கெட்டாலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். ஆகவே சீமைக் கன் வாங்கு என்று எழுத நினைக்கிறேன். எழுதும்போதே, சம்பந்தி கொடுத்தால் ஊர் என்ன சொல்லும், நீ அப்பாவுக்குப் பிறந்தவன்தானே, பெட்டிக்குள் வைத்துவிடுவாயே என்று பயம் வருகிறது. சரி, வேண்டாம் என்று எழுதலாம் என்றால், ஆசையாகக் கொடுப்பதைத் தட்டிக் கழித்தான் என்று அவர் மனசு நோகும். அதை அந்தப் பெண்தான் இரண்டு பக்கமும் சுமப்பாள். பெண் பார்க்கப் போன அன்று எனக்கு வெற்றிலை கொடுக்க வந்தவள், யாரும் கவனிக்காதபோது, அத்தே, பெயிண்டு வாடைக்குத் தலவலிக்குமா என்று கேட்டாள். பழகிவிடும் என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பழகத்தான் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இதுவரைக்கும் எழுதியபோது கரண்ட் போனது. ஷெட்டில் வேலை நின்று உன் அப்பா வீட்டுக்கு வந்தார். இவ்வளவு தாளையும் பார்த்துவிட்டு, என்ன புராணமா எழுதுகிறாய் என்று கேலி செய்தார். உங்கள் புராணம்தான் என்று சொல்லி முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். காலையில் ஒன்று மாலையில் ஒன்று சொன்னார் என்ற இடத்தில் முறைத்தார். லாரிக் கேபின் கதையில் சிரித்துவிட்டார். அண்ணன் வாசலில் நின்று சொன்னதை நான் அவரிடம் இதுவரை சொன்னதே இல்லை. அதை வாசித்ததும் சிரிப்பு போய்விட்டது. பிறகு சொன்னார்:

"அந்தத் தட்ட வாங்குறப்ப ஒன்ட்ட ஒரு வார்த்த கேட்ருக்கணும். ஒங்கண்ணனும் கேக்கல. நானும் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இத்தனை பொங்கல் போன பிறகு சொல்கிறாரே என்று கோபமா, இப்போதாவது சொன்னாரே என்று சந்தோஷமா, எனக்கே விளங்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவர் விடவில்லை.

"இப்பக் கேக்கறேன். அன்னிக்கு ஒனக்கு என்ன பண்ணிருந்தா நல்லாருந்திருக்கும்?"

அப்பு, என்னிடம் இதை யாரும் கேட்டதே இல்லை. அதனால் நானும் யோசித்ததில்லை. உன் மாமனாருக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நீ அந்தப் பெண்ணைக் கேள். எனக்காகவும் வேண்டாம், உன் அப்பாவுக்காகவும் வேண்டாம், அவளுக்கு எப்படி இருந்தால் சரிப்படும் என்று கேள். அவள் உடனே சொல்லாவிட்டால் அவசரப்படுத்தாதே, கன் எங்கேயும் ஓடிப்போகாது. இங்கே கரண்ட் வந்து நேரமாகிவிட்டது. உன் அப்பா இன்னும் ஷெட்டுக்குப் போகவில்லை, என் முகத்தைப் பார்த்தபடி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அம்மா